கிழிந்த கைலிக்கு ஒரு கிண்ணம் பசை

கும்மிடிப்பூண்டி தாண்டினால் எளாவூர், அடுத்தது ஆரம்பாக்கம், அதற்கப்பால் தடா. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் தமிழ்நாடு முடிகிற இடம் இது. இங்கிருந்து கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. அதன் கரையோர மீனவர் வீடுகளில் எது இருக்கிறதோ இல்லையோ, கொடியில் கட்டம் போட்ட கைலி ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். இடுப்பில் கட்டிக் கட்டி, உப்புத் தண்ணீரில் நனைந்து நனைந்து ஒருநாள் அது கிழியும். கிழிந்ததும் அடுப்படிக்குப் போய்க் கரித்துணியாகிவிடும்.

கிழிந்த கைலியைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்திருப்பது உட்காரும் இடம் மட்டும்தான். ஓரங்களில் ஒன்றிரண்டு முழத்துக்குத் துணி கெட்டியாகவே இருக்கும். அந்த ஒன்றிரண்டு முழமும் ஒரு கைப்பிடி மைதாவும் இருந்தால் வீட்டின் மங்கிப்போன ஒரு மூலையை அழகாக்கிவிடலாம். தையல் இயந்திரம் வேண்டாம், கடைக்கு ஓட வேண்டாம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பசை ஏன் ஒட்டுகிறது, எப்போது விட்டுப்போகிறது என்பது. காற்றிலேயே உப்பும் ஈரமும் கலந்திருக்கும் ஏரிக்கரையில் இந்த அறிவு இல்லாமல் செய்த வேலை ஒரு மழைக்காலம் தாங்காது.

ஏரியின் பெயரில் ஒரு துணி

முதலில் அந்தக் கைலிக்குரிய மரியாதையைச் செய்துவிடுவோம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். காயின் என்றால் மலாய் மொழியில் துணி. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். பழவேற்காடு வெளிநாட்டார் வாயில் ‘புலிகாட்’ ஆனது, அதுவே மலாய்க்காரர் வாயில் பெலிக்காட் ஆனது. வீட்டில் இருக்கும்போதும் பள்ளிவாசலுக்குத் தொழப் போகும்போதும் அவர்கள் கட்டுகிற துணி, இந்த ஏரிக்கரைத் துறைமுகத்தின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது.

டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். அப்போது சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கிடையாது. அது வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைவாசல் பழவேற்காடுதான். சுற்றுவட்டார நெசவாளர்கள் நெய்த பருத்தித் துணியைக் கப்பலில் ஏற்றித் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தத் துணியைக் கொடுத்து ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு வாங்கினார்கள். வண்ணம் தோய்த்த நூலில் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஐரோப்பாவிலும் ‘புலிகாட்’ என்ற பெயரே நிலைத்தது. ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்தபோதும் பெயரை மாற்றவில்லை.

கட்டம் போட்ட துணியில் கைவேலை செய்வோருக்கு இன்னொரு வசதியும் உண்டு. கோடுகள் ஊடும் பாவுமாக நூலோடு நூலாகவே ஓடுவதால் அளவுகோல் இல்லாமல் நேராக வெட்டலாம். நான்கு கட்டம் அகலம், ஆறு கட்டம் நீளம் என்று எண்ணி வெட்டினால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் வந்துவிடும்.

பசைக்குள் நடப்பது என்ன?

மைதாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. பச்சைத் தண்ணீரில் கரைத்த மைதா ஒட்டாது. கொஞ்ச நேரத்தில் அடியில் போய்த் தங்கிவிடும். மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக இறுகிக் கிடப்பதுதான் காரணம். சூடு ஏற ஏற, சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி உடைகின்றன. உள்ளே சுருண்டிருந்த நீண்ட மூலக்கூறுகள் வெளியே அவிழ்ந்து வருகின்றன. பால்போல இருந்த கரைசல் கண்ணாடிபோலப் பளபளத்துக் கெட்டியாகும் அந்தக் கணம்தான் பசை பிறக்கும் கணம். சோறு வெந்து கஞ்சி கெட்டியாவதும் இதே வழியில்தான்.

பருத்தி நூல் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுமே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள். கோத்த விதம்தான் வேறு. அதனால்தான் சோறு நமக்குச் செரிக்கிறது, பருத்தி செரிப்பதில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இந்தப் பற்றுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பிணைப்பும் பலவீனமானது. கோடிக்கணக்கில் சேரும்போது, துணியைக் கிழித்தாலும் பசை விடாது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஈரப் பசை நூல் இழைகளுக்கு இடையே இறங்கி, அங்கேயே காய்ந்து வேர்பிடித்ததுபோல நிற்கிறது. அதனால் பசை தடவியதும் கையால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். பசை உள்ளே இறங்க வழிவிடுவது அந்தத் தேய்ப்புதான்.

துணியைச் சோதியுங்கள்

இன்று விற்கும் கைலிகள் எல்லாமே பருத்தி என்று சொல்ல முடியாது. பாலியஸ்டர் கலந்தவையும் ஏராளம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுப்பதில்லை. தண்ணீரைக் குடிக்காத நூல், தண்ணீரில் காய்ச்சிய பசையையும் குடிக்காது.

இதை மீனவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பருத்தி வலை இருந்த காலத்தில் அது தண்ணீரைக் குடித்துக் கனத்தது, சீக்கிரம் மக்கியது. மக்காமலிருக்க மரப்பட்டைக் கஷாயத்திலும் பனிச்சங்காய்ச் சாற்றிலும் முக்கி எடுத்துக் காயவைப்பது கரையோர வழக்கம். நைலான் வலை வந்தபின் அந்த வேலை ஒழிந்தது. நைலான் பருத்தியளவுக்குத் தண்ணீர் குடிப்பதில்லை, மக்க வைக்கும் கிருமிகளுக்கு அது தீனியும் இல்லை. வலைக்கு நன்மையாக இருந்த அதே குணம் பசை வேலைக்குக் குறையாகிவிடுகிறது. கைலிக்கும் கிழிந்த நைலான் வலைக்கும் ஒரே மைதாப் பசை போதாது.

சோதனை எளிது. துணியின் ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை உருவி இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நெருப்புக் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற மெல்லிய சாம்பல் மிஞ்சினால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் பாலியஸ்டரோ நைலானோ கலந்திருக்கிறது.

நம் வீட்டுப் பசைகள்

மைதாப் பசைதான் எல்லாவற்றிலும் மலிவு. ஒரு பங்கு மைதாவை ஒரு பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு பங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, கரைசலை ஊற்றிக் கிளறுங்கள். பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். சூடான பசையைத் தடவினால் துணி சுருங்கி மடிப்பு விழும். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க இதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள். மயில்துத்தம் விஷம் என்பதை மறக்கக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும். சமையல் பாத்திரத்தில் கலக்கவே கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மயில்துத்தத்தைத் தவிர்த்து, சில துளி கிராம்பு எண்ணெய் விட்டுக்கொள்வது நல்லது. அன்றன்றைக்குத் தேவையான பசையை அன்றன்றைக்குக் காய்ச்சுவது அதைவிட நல்லது.

புளியங்கொட்டைப் பசைக்குப் பெரிய பரம்பரை உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணியை ஒட்டுவதற்கும், நகைகளும் தூண்களும் புடைத்து நிற்கச் சுண்ணக்கட்டிப் பொடியோடு குழைத்துப் பூசுவதற்கும் இந்தப் பசையைத்தான் வழிவழியாகப் பயன்படுத்திவந்தார்கள். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்ச வேண்டும். இதிலுள்ள பசைப்பொருளின் முதுகெலும்பு செல்லுலோஸைப் போன்றே அமைந்தது. மாவுச்சத்தைவிடவும் நெருங்கிய உறவு. பருத்தியோடு அது அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதற்கு அதுவே காரணம். வேதியியல் படிக்காத ஓவியர்கள் இதைக் கைப்பழக்கத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, வெந்தயம். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, அந்தக் கூழைக் கவிழ்த்த பானைமேல் பூசிக் கூடை செய்த பாட்டிகள் நம் ஊரில் எத்தனையோ பேர். முறத்தின் இடுக்குகளை அடைக்கவும் அதே கூழ்தான். வெந்தயத்தின் வழவழப்பு ஒட்டுகிறது, கசப்பு பூச்சியை விரட்டுகிறது என்பார்கள்.

நான்காவது, கடையில் விற்கும் வெள்ளைப் பசை. ஒருகாலத்தில் தச்சர்கள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தை அடுப்பில் உருக்கித்தான் மரத்தை ஒட்டினார்கள். மீனின் காற்றுப்பையிலிருந்தும் இதே வகைப் பசை எடுக்கலாம். கூறல் கத்தாழை மீனின் நெட்டிக்கு, அதாவது அந்தக் காற்றுப்பைக்கு, நல்ல விலை உண்டென்று கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். பழைய ஓவியங்களையும் சுவடிகளையும் செப்பனிட மேலைநாடுகளில் பயன்படும் மெல்லிய பசை மீன் நெட்டியிலிருந்து வருவதுதான். உருக்காமலே ஒட்டும் வெள்ளைப் பசையை 1959இல் ஃபெவிகால் என்ற பெயரில் பிடிலைட் நிறுவனம் கொண்டுவந்தது. பாலிவினைல் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கின் நுண்துளிகள் தண்ணீரில் மிதப்பதுதான் வெள்ளைப் பசை. தண்ணீர் வெளியேறியதும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகின்றன. அதனால் ஒட்டும் இரண்டு பொருள்களில் ஒன்றாவது தண்ணீர் வெளியேற வழிவிட வேண்டும். இரண்டு தகரத்தையோ இரண்டு பிளாஸ்டிக்கையோ இதனால் ஒட்ட நினைத்தால் உள்ளே காயவே காயாது. தகரத்தின்மேல் துணி என்றால் தாராளமாக ஒட்டலாம்.

செய்து பாருங்கள்

துணிக் கிண்ணத்திலிருந்து தொடங்கலாம். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் மெல்லிய பாலித்தீன் தாளைப் போர்த்துங்கள். கைலியை இரண்டு விரல் அகலக் கீற்றுகளாக வெட்டி, மைதாப் பசையில் தோய்த்து, வழித்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். ஒரு அடுக்கு முக்கால்வாசி காய்ந்தபிறகே அடுத்த அடுக்கு. நான்கைந்து அடுக்கு போதும். நன்றாகக் காய்ந்ததும் கிண்ணத்தை உருவிவிட்டால் துணி அதே உருவில் விறைத்து நிற்கும். நூல் எல்லாத் திசையிலும் ஓடுவதால் எந்தப் பக்கம் அழுத்தினாலும் வளையாது. ஒட்டுப்பலகை உறுதியாக இருப்பதும் இந்தக் குறுக்கு அடுக்கால்தான். சாவி, ஊசி நூல், சீப்பு போட்டுவைக்கலாம். தின்பண்டம் வைக்க வேண்டாம்.

அடுத்தது தொம்பை. கோயில் தேரில் வண்ணத் துணியில் உருளை வடிவில் தொங்குமே, அதன் சின்ன உருவம். தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிக் கலைஞர்கள் துணிமேல் துணி வைத்துத் தைத்துச் செய்யும் வேலை அது. நம் வீட்டு வாசலுக்கு இரண்டு பழைய வளையல்கள் போதும். ஒரு சாண் உயரத் துணியை உருளையாக வளைத்து, மேல் விளிம்பில் ஒரு வளையலும் கீழ் விளிம்பில் ஒரு வளையலும் வைத்து, துணியை அதன்மேல் மடித்து ஒட்டுங்கள். வளையலில் பசை பிடிக்காது. கவலை வேண்டாம், மடிந்த துணி துணியோடு ஒட்டிக்கொண்டு வளையலை உள்ளே சிறைபிடித்துவிடும். அடர்ந்த நிறத் துணியில் மாங்காய், மீன், கொக்கு என்று வெட்டி மேலே ஒட்டலாம். வெட்டுமுன் அந்தத் துணியில் மெல்லப் பசை தடவிக் காயவைத்துவிடுங்கள். ஓரத்தில் நூல் பிரியாது.

மீன் ஏற்றும் ஊர்களில் உடைந்த தெர்மாகோல் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வாடை போக வெயிலில் வைத்து எடுத்தால், சுவரில் மாட்டுவதற்கு எடையே இல்லாத பலகை கிடைக்கும். துணியை இழுத்துப் போர்த்தி, பின்பக்கம் மடித்து வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். பஞ்சர் ஒட்டும் ரப்பர் கரைசலையோ பெட்ரோல் வாடை வீசும் வேறு பசையையோ தொடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துப் பள்ளமாக்கிவிடும். விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் இதை மாட்டவும் கூடாது.

பழவேற்காட்டுப் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைவதில் பெயர் பெற்றவர்கள். அந்த ஓலைப் பெட்டி வீட்டில் இருந்தால், உட்புறத்துக்குக் கைலித் துணியை அளவாக வெட்டி ஒட்டுங்கள். ஓலை முனை குத்தாது, பெட்டியின் ஆயுளும் கூடும்.

உப்பும் ஈரமும்

நான் முதன்முதலில் இப்படி ஒரு துணிப் படத்தைச் சுவரில் ஒட்டியது ஐப்பசி மாதம். பத்தே நாளில் பின்பக்கம் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்து, ஓரம் சுருண்டு விழுந்தது. குற்றம் பசையில் இல்லை, காலத்தில் என்று பிறகுதான் புரிந்தது. மாவுச்சத்தும் தண்ணீரும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. பசை எவ்வளவு சீக்கிரம் காய்கிறதோ அவ்வளவு பத்திரம். ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு இந்த வேலையைத் தொடங்குங்கள். காலையில் ஒட்டினால் வெயில் இறங்குமுன் காய்ந்துவிட வேண்டும்.

அடுத்த எதிரி உப்பு. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரைவதால் வரும் கசிவு அது. ஏரித் தண்ணீரில் நனைந்து காய்ந்த கைலியின் நூலிடுக்குகளில் அதே உப்பு ஒளிந்திருக்கும். அப்படியே ஒட்டினால் ஒவ்வொரு ஈரக் காற்றுக்கும் துணி உள்ளுக்குள் நனையும், பசை இளகும். அதனால் துணியை நல்ல தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.

சுவருக்கும் இதே நோய் உண்டு. நிலத்தடி உப்பு நீர் சுவரில் ஏறி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். அந்த உயரத்தில் எதையும் ஒட்டாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் துணி விழுந்தால், பசையோடு சுண்ணாம்புப் பொடியும் சேர்ந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். பசை துணியைப் பிடித்தபடியேதான் இருக்கிறது. சுண்ணாம்புதான் சுவரை விட்டிருக்கிறது. உதிரும் பொடியைத் தேய்த்து எடுத்துவிட்டு, நீர்த்த பசையை ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்த பிறகு ஒட்டினால் நிற்கும். மைதாப் பசைக்கு ஒரு பெரிய நன்மை, வாடகை வீட்டிலும் அதைத் துணிந்து பயன்படுத்தலாம். ஈரத் துணியால் ஒற்றி ஊறவிட்டால் சுவருக்குப் பெரிய சேதமில்லாமல் உரிந்து வந்துவிடும்.

கடைசியாக, இராமபாணப் பூச்சி. வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் இந்தப் பூச்சிக்கு மாவுச்சத்து பிடித்த உணவு. பசையைக் கெட்டியாக அப்பாமல் மெல்லப் பரவலாகத் தடவுவதும், மாதம் ஒருமுறை எடுத்து வெயிலில் காட்டுவதும் போதுமான காவல்.

இவ்வளவுக்கும் செலவு என்று பார்த்தால் ஒரு கைப்பிடி மைதாவும் ஒரு பிற்பகலும்தான். கடல் கடந்த நாடுகள் இந்த ஏரியின் பெயராலேயே அழைக்கும் துணி நம் கொடியில் காய்கிறது. அடுத்த முறை ஒரு கைலி கிழிந்தால் முழுவதையும் கரித்துணிக்குப் போடாதீர்கள். கெட்டியான ஓரத்தில் ஒரு முழத்தை வெட்டி, அலசிக் காயவைத்து எடுத்து வையுங்கள். தை மாதத்து வெயிலில், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கிண்ணம் பசை காய்ச்சுங்கள்.